அடித்த பந்தைப் பார்க்காதவள்

எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பழைய அடுக்குமாடி, இடம் அவ்வளவுதான். அந்தச் சமையலறையின் நட்டநடுவில் நின்று ஒருத்தி சமைப்பாள். உப்பு வேண்டுமென்றால் அலமாரிப் பக்கம் ஓர் எட்டு வைப்பாள், எடுப்பாள், உடனே பின்வாங்கி நடுவுக்கு வந்துவிடுவாள். கரண்டிக்கு இந்தப் பக்கம் ஓர் எட்டு, திரும்ப நடு. சட்டியில் இருப்பதைக் கிளறிவிட்டு அங்கேயே நிற்கலாம்தானே? நிற்கமாட்டாள். நடுவுக்கு வந்து முழங்காலை லேசாக மடக்கி, கரண்டியை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடுப்பு தன் மேல் எதையோ வீசப்போகிறது என்பதுபோலக் காத்திருப்பாள்.

"என்னங்க, இந்தப் பொண்ணு சமைக்குதா, சண்டைக்கு நிக்குதா?" என்று லெட்சுமி என்னிடம் கேட்டாள். லெட்சுமி என் மனைவி.

சண்டை இல்லை. ஸ்குவாஷ். அவள் தொழிலே அதுதான். பிலிப்பைன்ஸ்காரி. நாடு நாடாகப் போய்ப் பந்தயங்களில் ஆடுகிறவள். நம் நாட்டில் அந்த ஆட்டத்துக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது என்று இங்கே வந்து தங்கியிருந்தாள். தங்கியது எங்கள் வீட்டுப் பின்னறையில். பெயரை எழுதவில்லை. எழுதினால் அவள் ஊரிலிருந்தே போன் போட்டுக் கத்துவாள்.

எங்கள் மகள் ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்த அறை சும்மா கிடந்தது. வாடகைக்கு விடலாம் என்றது லெட்சுமி. வேண்டாம் என்றது நான். நான் எதற்குமே முதலில் வேண்டாம் என்று சொல்கிறவன். பள்ளி வேன் ஓட்டுகிறேன். வண்டியைப் பூட்டிவிட்டு மாடியேறி, பூட்டினோமா என்று திரும்ப இறங்கிப் பார்ப்பேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால் நீலக் கோடு விழும்வரை கைப்பேசியைக் கீழே வைக்கமாட்டேன். படிப்பும் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நின்றுபோனது. அரசாங்கச் சோதனை எழுதினேன். முடிவு வருகிற நாளில் தோற்றிருந்தால் என்ன செய்வது என்று பயந்து, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பாஸா பெயிலா என்று இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். குள்ளம். முதுகில் அவளைவிடப் பெரிய பை, அதில் மட்டைகளின் கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன்.

"நீயே சமைப்பியாம்மா?"

புருவத்தைத் தூக்கினாள்.

"கோயில், சர்ச் எல்லாம் போவியா?"

மறுபடியும் புருவம்.

"வாடகை மாசா மாசம் ஒழுங்கா வருமா?"

புருவம் நெற்றிக்கே ஏறிவிட்டது. நான் உள்ளே போய் லெட்சுமியிடம் சொன்னேன்: "வாயவே தொறக்க மாட்டேங்குது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. வேணாம்."

"ஐயே, புருவத்தத் தூக்குனா ஆமான்னு அர்த்தம்ங்க. கீழ்வீட்டுல வேல செய்ற பொண்ணும் அந்த ஊர்தான், அதுவும் இப்படித்தான் தூக்கும்" என்று சொல்லிவிட்டு, லெட்சுமி சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

வந்த முதல் வாரமே எங்கள் இருவரையும் கூப்பிட முறை வைத்துவிட்டாள். லெட்சுமி 'அக்கா'. நான் 'அங்கிள்'. அதெப்படி என்று கேட்டேன். "அவ அக்கான்னா நான் அத்தான்தானே வரணும்?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து என் நரைத்த தலைமுடியைச் சுட்டிக் காட்டினாள். அவர்கள் ஊரில் விரலால் காட்டமாட்டார்கள், உதட்டால்தான். லெட்சுமி அன்று முழுக்கச் சிரித்தாள்.

சாம்பாரில் வினிகர் ஊற்றிச் சாப்பிடுவாள். தோசைக்கும் வினிகர். அதற்காகவே அவளை அனுப்பிவிடலாம் என்று லெட்சுமி நினைத்ததுண்டு. ஆனால் ஒருநாள் கருவாடு பொரித்தபோது பின்னறைக் கதவு தானாகத் திறந்தது. அவள் கையில் தட்டோடு நின்றாள். அன்றோடு இரண்டு பேரும் ஒரு கட்சி.

அவள் பேசியது ஆங்கிலமும் மலாயும் கலந்த எங்கள் ஊர்க் கதம்பம். போகப் போக அதில் தமிழும் விழுந்தது. 'போதும்', 'காரம்', 'ஐயோ', 'நடு'. மற்றதையெல்லாம் எனக்கு விளங்கின தமிழில்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டால் மத்தியானம்வரை என் வேன் சும்மாதான் நிற்கும். அந்த நேரத்தில் அவளைப் பயிற்சிக்கு ஏற்றிப் போக ஆரம்பித்தேன். வேனில் இத்தனை இருக்கைகள் இருக்கின்றன. அவள் உட்காருவது பின்வரிசையின் சரியான நடுவில். ஜன்னல் ஓரம் காற்று வருமே என்றால் கேட்கமாட்டாள். தூங்கினாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல் நிமிர்ந்தே தூங்குவாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு சாமி சிலையை ஏற்றிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

முதல் நாள் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். ஒரு வெள்ளை அறை. பின்சுவர் கண்ணாடி. அதற்குள் இரண்டு பேரைப் போட்டு, கையில் ஆளுக்கொரு மட்டையும் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். எதிரெதிரே நின்றாலாவது பரவாயில்லை, இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஒரே சுவரில் அடிக்கிறார்கள். யார் மண்டை முதலில் உடையும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து சுவரோரமாகப் போனால் "ஐயோ", மூலையில் விழுந்தால் "ஐயோ", எகிறினால் "ஐயையோ".

அவளுடைய கோச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிள்ளான்காரர், பெரிய குரல்.

"அண்ணே, பந்தையே பாத்துக்கிட்டிருந்தா நெஞ்சு வலிதான் வரும். பந்த விடுங்க. அடிச்சிட்டு அவ எங்க போறான்னு பாருங்க லா."

பார்த்தேன். தரையில் இரண்டு சிவப்புக் கோடுகள் கூடுகிற இடம் ஒன்று உண்டு, அறையின் நடுப்பகுதி. அவள் எந்த மூலைக்கு ஓடினாலும் அடித்த கையோடு அந்த இடத்துக்குத் திரும்பினாள். தான் அடித்த பந்து எப்படிப் போகிறது, அழகாக விழுந்ததா, சொதப்பியதா என்று ஒரு நொடிகூட நின்று பார்க்கவில்லை.

"எல்லாரும் இப்படித்தானே ஆடணும்?" என்று கேட்டேன்.

"ஆடணும். ஆனா ஆடமாட்டாங்க. நல்லா அடிச்சிட்டா நின்னு ரசிப்பாங்க, மோசமா அடிச்சிட்டா நின்னு வருத்தப்படுவாங்க. அதுக்குள்ள பந்து திரும்பி வந்துரும். இவகிட்ட பெரிய அடி கிடையாது அண்ணே. உயரம் கிடையாது. வயசும் போச்சு. இது ஒண்ணுதான் இருக்கு."

இது ஒன்று எங்கிருந்து வந்தது என்று அவளிடமே ஒருநாள் கேட்டேன். அவளுடைய அப்பா மணிலாவில் ஒரு பணக்காரக் கிளப்பில் ஸ்குவாஷ் அறைகளைத் துடைக்கிற வேலையில் இருந்தாராம். உறுப்பினர்கள் ஆடி முடித்துவிட்டுப் போனதும் அடுத்த ஆள் வருவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் இவள் உள்ளே புகுந்து ஆடுவாளாம். "யார் எப்ப வந்து கதவத் தட்டுவாங்கன்னு தெரியாது அங்கிள். அடிச்சதப் பாத்துக்கிட்டு நிக்க எனக்கு ஏது நேரம்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பந்து விஷயத்தில் நான் ஒருமுறை அவமானப்பட்டேன். ஸ்குவாஷ் பந்து சின்ன ரப்பர் பந்து, குளிர்ந்து கிடந்தால் எழும்பாது. ஆட்டத்துக்கு முன்னால் அடித்து அடித்துச் சூடாக்க வேண்டும். அவளும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒன்றைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு பசியாறுவாள். பாவம், இப்படியா கஷ்டப்பட வேண்டும் என்று ஒருநாள் காலையில் நானே அவளுடைய பந்துகளை எடுத்து, லெட்சுமி இட்லி வேகவைத்த குண்டானில் ஒரு தட்டில் அடுக்கி மூடிவிட்டேன். பிறகு சுடச்சுடத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் எதுவும் கேட்காமல் ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்தாள். அது சுவரில் பட்டு, கூரையில் பட்டு, கோச்சின் காப்பிக் குவளையில் வந்து இறங்கியது.

கோச் குவளைக்குள் எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். "அண்ணே, என்ன இது, இட்லி வாசம் வருது?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவளோ இன்னொரு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதற்குள் நடுவில் போய் நின்றுவிட்டாள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அவளுடைய அந்தக் குணம் சில நேரம் எரிச்சலாகவும் இருக்கும். அம்பாங்கில் ஒரு பந்தயத்தில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டாள். கடைசிக் கட்டத்தில் முன்னால் இருந்தாள், அப்படியே வழுக்கிப் போனது. வேனில் வரும்போது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பந்தை அப்படி அடித்திருக்கலாம், இந்தப் பந்தை விட்டிருக்கலாம் என்று வழியெல்லாம் புலம்பினேன். அழுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன்.

"அங்கிள்," என்றாள்.

"சொல்லும்மா."

"அக்கா இன்னிக்கு என்ன சமையல்?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "உனக்குக் கொஞ்சம்கூட வருத்தமே இல்லையா?"

"இருக்கு. அங்க மூலையில இருக்கு." உதட்டைக் குவித்து வேனின் பின்பக்கத்தைக் காட்டினாள். "நான் அங்க போயி நின்னா அடுத்த பந்த யாரு எடுப்பா?"

இதையெல்லாம் கேட்டுத் திருந்துகிற ஆளா நான்? ஒருநாள் கிள்ளானில் ஒரு கிளப்பில் அவளுக்கு ஆட்டம். துறைமுகத்துக்குப் போகிற லோரி ஒன்று, முச்சந்தியில் என் வேனின் பின்பக்கத்தை உரசிவிட்டுப் போனது. நான் இறங்கிக் கோடு விழுந்த இடத்தைப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். தடவிப் பார்த்தேன். பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கின்றன. ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "பாஸ், கோயில் கட்டப் போறீங்களா அங்க?" என்று கேட்டான். நான் அப்போதும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வந்து என் தோளைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பி, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தள்ளினாள்.

"அங்கிள், நடு," என்றாள். நடு என்றால் எங்கே என்று எனக்குப் புரிந்தது. ஏறி வண்டியை எடுத்தேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் என் சோதனை முடிவுக் கதையை அவளிடம் சொன்னேன். அவள் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"அப்ப அந்த ரிசல்ட்டப் பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"இன்னிவரைக்கும்?"

"இல்லம்மா."

"அங்கிள், வாழ்க்கையில நீங்க பாக்காம விட்ட பந்து அது ஒண்ணுதான். அது ஒண்ணத்தான் நின்னு பாத்திருக்கணும்."

பெடரல் நெடுஞ்சாலை முழுக்க இருவரும் சிரித்துக்கொண்டு வந்தோம். சுங்கச்சாவடிக்காரப் பெண் என்ன என்று கேட்டாள். எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு மாலை அவளுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அவர்கள் நாட்டு ஸ்குவாஷ் சங்கம். பேசிவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தாள். லெட்சுமி கேட்டதும் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். தென்கிழக்காசிய நாடுகள் எல்லாம் கூடுகிற விளையாட்டுப் போட்டிக்குப் பெண்கள் அணி எடுக்கிறார்களாம். ஓர் இடம்தான் மிச்சமாம். அதற்கு இவளும் இருக்கிறாள், இருபது வயதுப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். அடுத்த மாதம் கோலாலம்பூரில் நடக்கிற பந்தயத்தில் இவள் காலிறுதிக்குப் போனால் இடம் இவளுக்கு. போகாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு. அணியில் இல்லையென்றால் சங்கம் கொடுக்கிற உதவித்தொகையும் நின்றுவிடும். அப்புறம் இங்கே தங்க முடியாது. ஆட்டமும் அவ்வளவுதான். நாட்டுக்காக அவள் ஒருமுறைகூட ஆடியதில்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே வயது போயிருந்தது.

"அப்ப காலிறுதி," என்றாள் லெட்சுமி.

புருவம் ஏறி இறங்கியது. "அக்கா, கருவாடு இன்னும் இருக்கா?"

அவள் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். நான் ரசத்தைக்கூடத் தொடவில்லை.

அந்த மாதம் முழுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. வீட்டில் தரை ஈரமாக இருந்தால் அவள் வழுக்கிவிடுவாள் என்று துடைத்தேன். காய்ந்திருந்தால் தூசியில் வழுக்குமென்று துடைத்தேன். அவள் தும்மினால் மருந்துக்கடைக்கு ஓடினேன். ஒருநாள் லெட்சுமி கேட்டேவிட்டாள்: "ஆடப்போறது அவளா நீங்களா? அவ எடை கூடிக்கிட்டு வர்றா, நீங்க இளைச்சுக்கிட்டே போறீங்க."

பந்தயத்தில் முதல் சுற்றைச் சுலபமாகத் தாண்டினாள். இரண்டாவது சுற்றில் ஜெயித்தால் காலிறுதி. எதிரில் எகிப்துப் பெண் ஒருத்தி. பத்தொன்பது வயது, கை கால் எல்லாம் நீளம். பள்ளி விடுமுறை என்பதால் நானும் லெட்சுமியும் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தோம்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்து மலாயில் சொன்னார்: "அங்கிள், பந்து ஓடிக்கிட்டிருக்கும்போது சத்தம் போடக் கூடாது."

எகிப்துப் பெண் புகார் கொடுத்திருக்கிறாள். என் "ஐயோ"தான். எங்கள் கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன். மெதுவா வாங்க."

நான் எழுந்தேன். அவள் உள்ளிருந்து கண்ணாடியில் மட்டையால் தட்டினாள். உட்காருங்கள் என்று சைகை காட்டினாள். கதவைத் திறந்து தலையை நீட்டி, கோச்சிடம், "அவர் போனா வெளிய என்ன பண்றாரோன்னு எனக்கு ஒரே யோசனையா இருக்கும். இங்கயே இருக்கட்டும்," என்றாள். லெட்சுமி அவளுடைய மட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வாயில வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன்.

ஐந்து ஆட்டத்தில் மூன்று எடுப்பவருக்கு வெற்றி. முதல் ஆட்டம் இவளுக்கு. இரண்டாவது எகிப்துக்கு. மூன்றாவது இவளுக்கு. நான்காவதில் இவள் முன்னே போய்க்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் முடிந்தது, காலிறுதி.

அந்தப் புள்ளிக்கு அப்படியொரு பந்து அடித்தாள். பின்மூலையில் எகிப்துப் பெண்ணை ஓடவிட்டு, முன்சுவரில் மெல்லத் தொட்டாற்போல வைத்தாள். பந்து பூனை மாதிரி இறங்கியது. எனக்கே தெரிந்தது, அருமையான அடி. அப்போதுதான் அது நடந்தது. அவள் நின்றாள். இத்தனை நாளில் நான் ஒருமுறைகூடப் பார்க்காதது. அடித்த இடத்திலேயே நின்று, அந்தப் பந்து விழுவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எகிப்துப் பெண்ணின் கால்களுக்கு நீளம் அதிகம் என்று சொன்னேனே. எப்படியோ பாய்ந்து வந்து மட்டையின் நுனியால் தூக்கிவிட்டாள். பந்து இவள் தலைக்கு மேலே போய், காலியாகக் கிடந்த அறையின் பின்மூலையில் விழுந்தது. அதன்பின் இவள் மனசும் அந்த ஒரு பந்திலேயே நின்றுவிட்டது. வரிசையாகப் புள்ளிகள் போயின. நான்காவது ஆட்டமும் போனது. இரண்டுக்கு இரண்டு.

வெளியே வந்தாள். கோச் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே ஏதேதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. கண்ணாடி வழியாக அந்த முன்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கிள்ளான் முச்சந்தியில் வேனின் கோட்டைப் பார்த்தபடி நான் நின்ற நிற்பு அது. அவள் முகத்தில் என் முகத்தைப் பார்த்தேன்.

எனக்கு ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தெரியாது. வாயில் துண்டு வேறு. எடுத்தேன்.

"ம்மா."

திரும்பினாள்.

உதட்டைக் குவித்தேன். அவர்கள் ஊர்க்காரர்கள் செய்வதுபோலக் குவித்து, அறையின் நடுவில் அந்தச் சிவப்புக் கோடுகள் கூடுகிற இடத்தைக் காட்டினேன்.

அவள் என் உதட்டைப் பார்த்தாள். நான் காட்டிய இடத்தைப் பார்த்தாள். முதலில் மூக்கு விடைத்தது, அப்புறம் தோள் குலுங்கியது. இட்லிப் பந்து நாளில் சிரித்த அதே சிரிப்பு.

"அங்கிள், அசிங்கமா இருக்கு. குரங்கு மாதிரி," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நேராகப் போய் நடுவில் நின்றாள்.

ஐந்தாவது ஆட்டத்தில் என்ன நடந்தது என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். நான் துண்டைக் கடித்துக்கொண்டு கோச் சொன்னபடி பந்தைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்தேன். மூலைக்குப் போவாள், நடு. முன்னால் பாய்வாள், நடு. ஒருமுறை தரையில் விழுந்தாள். எழுந்தாள், நடு. புள்ளிக் கணக்கு எங்கே நிற்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. லெட்சுமி என் முழங்கையைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிவிட்டாள்.

அப்புறம் அவள் சுவரோரமாக ஒன்றைத் தள்ளினாள். தள்ளிவிட்டுத் திரும்பினாள். நடுவில் போய் முழங்காலை மடக்கி, மட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்து நின்றாள்.

என்னைச் சுற்றி எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கைதட்டு. கோச் நாற்காலிமேல் ஏறிவிட்டார். பந்து சுவரும் தரையும் சேருகிற இடுக்கில் விழுந்து, எழும்பாமல், ஒரு நெல்லிக்காய் மாதிரி தரையில் உருண்டு போயிருக்கிறது. எகிப்துப் பெண் மட்டையைத் தொங்கவிட்டுக் குனிந்து மூச்சு வாங்குகிறாள். ஆட்டம் முடிந்துவிட்டது.

அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் பார்க்கவில்லையே! நடுவில் நின்று அடுத்த பந்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். கண் முன்சுவரிலேயே இருக்கிறது.

நான் துண்டைத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். "முடிஞ்சிருச்சும்மா! ஜெயிச்சிட்டே! பாரும்மா, திரும்பிப் பாரு!"

நான் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை. எகிப்துப் பெண்தான் மெதுவாக நடந்துவந்து அவள் முன்னால் கையை நீட்டினாள். இவள் அந்தக் கையைப் பார்த்தாள். நடுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள். இந்தமுறை அது கேள்வி. நானும் லெட்சுமியும் கோச்சும் சேர்ந்து எங்கள் புருவங்களைத் தூக்கினோம்.

அப்போதுதான் அவள் அழுதாள். நடுவிலேயே நின்று அழுதாள்.

காலிறுதியில் அடுத்த நாளே தோற்றாள். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நான்கூட. அணியில் இடம் கிடைத்தது. அந்தப் போட்டியில் அவர்கள் அணி வெண்கலம் வாங்கியது. படம் அனுப்பியிருந்தாள். மேடையில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவள் எங்கே நிற்கிறாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தவள் அதோடு பந்தயங்களை நிறுத்திக்கொண்டாள். மணிலாவில் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். லெட்சுமி கருவாட்டைப் பத்துச் சுற்றுச் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். அவள் எங்களைக் கட்டிப் பிடித்தாள், அவர்கள் ஊரில் பெரியவர்களுக்குச் செய்வதுபோல எங்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள், பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனாள். அந்தப் பக்கம் கொஞ்ச தூரம்வரை அவள் முதுகும் மட்டைப் பையும் தெரிந்தன. திரும்பவே இல்லை. நான் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"திரும்பிப் பாப்பான்னா நிக்கிறீங்க?" என்றாள் லெட்சுமி. "இத்தன நாளா அவகிட்ட என்னத்தத்தான் பாத்தீங்க? வாங்க போலாம்."

லெட்சுமியின் குரலும் சரியில்லைதான். ஆனாலும் எனக்கு அது உறைத்தது. மூக்கை எடுத்தேன். சட்டென்று திரும்பினேன். ஒருமுறைகூடப் பின்னால் பார்க்காமல் நெஞ்சை நிமிர்த்தி, லெட்சுமி ஓடிவந்து பிடிக்கிற அளவுக்கு வேகமாக நடந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துசேர்ந்தேன்.

வேனை எந்த மாடியில் நிறுத்தினேன் என்பதுதான் நினைவில்லை. பூட்டினேனா என்பதையும் அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.